கண்ணாடிப் பட்டறைக்கு விளம்பரம்: ஷோரூமா, கைப்பேசியா, ஆசாரியா?

கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் பக்கம் என் தங்கை மகன் எட்சிங் கண்ணாடிப் பட்டறை நடத்துகிறான். ஸ்டிக்கர் ஒட்டி, மறைக்காத இடத்தில் மணலடித்து டிசைன் செதுக்குகிற வேலைதான் எட்சிங். கம்ப்ரசர், மணல் அடிக்கிற அறை, ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர், ஒரு வெட்டு மேசை, வேலைக்கு இரண்டு பையன்கள். பூஜை அறைக் கதவு, கூடத்துப் பார்ட்டிஷன், மாடிப்படி ஜன்னல், நிலைக்கு மேலே வைக்கிற கஜலட்சுமி என்று வீட்டில் பொருத்துகிற வேலைதான் முக்கால்வாசி. மீதி அவன் மனைவியுடையது: கண்ணாடியின் பின்புறத்தில் வரைகிற சாமி படங்கள், பரிசுப் பொருள்கள். சீட்டு எடுத்ததில் இரண்டு லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. "மாமா, இதை விளம்பரத்துக்குன்னே ஒதுக்கிட்டேன். எதுல போட்டா வேலை வரும்?" என்கிறான்.

அவனுக்கு மெயின் ரோட்டில் ஒரு ஷோரூம் போடவேண்டும் என்று ஆசை. அவன் மனைவிக்கு இன்ஸ்டாகிராம். கூட்டாளிகள் ஆன்லைன் விற்பனைத் தளம், கண்காட்சி, கேபிள் டிவி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் பல வருஷம் பிளைவுட், ஹார்டுவேர்ஸ் கடையில் கணக்கு எழுதியவன். தச்சு ஆசாரிகள் எதற்கு இறங்கி வருவார்கள், எதற்கு முறைத்துக்கொண்டு போவார்கள் என்பதைக் கல்லாப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன். அதனால் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணத்தில் பெரும்பங்கு ஆசாரிகளை நோக்கிப் போகவேண்டும். ஷோரூம் இப்போதைக்கு வேண்டாம். கைப்பேசி வேண்டும், ஆனால் புது ஆள் பிடிப்பதற்கு அல்ல, பாதி மனதோடு இருப்பவரை முடிவெடுக்க வைப்பதற்கு.

முதலில் எடை

எந்த வழி நல்லது என்று பேசுவதற்கு முன்னால் தராசைப் பார்க்கவேண்டும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, கனத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2.5 கிலோ. ஏழடி உயரம், இரண்டரை அடி அகலத்தில் 5 மி.மீ. கண்ணாடி ஒன்று 20 கிலோ வந்துவிடும். இரட்டைக் கதவென்றால் 40. அதைக் குட்டியானையில் நிற்கவைத்துக் கட்டி, இரண்டு பேர் போய் இறக்கி, ஆசாரியோடு சேர்ந்து பொருத்திவிட்டு வரவேண்டும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் திரும்பிவிடலாம். அந்த வட்டம்தான் இந்தத் தொழிலின் சந்தை. கோயம்புத்தூரில் ஒருவர் படத்தைப் பார்த்து இதயம் போட்டால் சந்தோஷம். அதனால் பட்டறையில் ஒரு கண்ணாடியும் நகராது.

ஓரடிக்கு ஓரடி, 3 மி.மீ. கண்ணாடியில் வரைந்த படம் முக்கால் கிலோகூட இல்லை. சட்டம் போட்டாலும் கையில் தூக்கிப் போகலாம், பார்சலில் போடலாம், வெளிநாட்டுக்குப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடலாம். ஆக ஒரே பட்டறைக்குள் இரண்டு தொழில் இருக்கிறது. பொருத்துகிற கண்ணாடிக்குச் சரியான விளம்பரம் பரிசுக் கண்ணாடிக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே திட்டம் போடுகிறவர்கள்தான் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பணத்தைத் தூவிவிட்டு, ஒன்றும் முளைக்கவில்லை என்பார்கள்.

முடிவு எங்கே எடுக்கப்படுகிறது

பாபநாசம் பக்கம் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் சிங்கப்பூரில். வீட்டில் மனைவியும் மாமியாரும். கூடத்தில் மரத்தூள் பறக்க, ஆசாரி பூஜை அறைக் கதவுச் சட்டத்தை மரத்தாங்கியில் கிடத்தியிருக்கிறார்.

"அம்மா, நடுவுல பலகையா, கண்ணாடியா? காடி இன்னிக்கு எடுத்தாகணும்." (பலகையோ கண்ணாடியோ உட்காரச் சட்டத்தில் வெட்டுகிற பள்ளம்தான் காடி.)

"கண்ணாடின்னா எப்படி இருக்கும் ஆசாரியாரே?"

ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டு, மூலையில் கீறல் விழுந்த கைப்பேசியை எடுத்து, போன மாதம் வலங்கைமானில் முடித்த கதவின் படத்தைக் காட்டுகிறார். மாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி உருவமெல்லாம் வேணாம், போகையில வரையில கால் கை படும். வெளக்கு மட்டும் போடச் சொல்லு" என்கிறார். வாட்ஸ்அப்பில் சிங்கப்பூருக்குப் படம் போகிறது. "நீங்களே பாத்துக்குங்க" என்று பதில் வருகிறது. பத்து நிமிஷம், முடிந்தது. அந்த அம்மாள் எந்த ஷோரூமுக்கும் போகவில்லை, எந்த விளம்பரத்தையும் பார்க்கவில்லை. வலங்கைமான் கண்ணாடியைச் செய்தவருக்கு இந்த வேலையும் போகிறது.

டெல்டாவில் அநேகமான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. கண்ணாடி வாங்கவேண்டும் என்று யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. டைல்ஸ் பார்க்கப் போவார்கள், குழாய்ச் சாமான் பார்க்கப் போவார்கள், பெயின்ட் கலர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நாலு நாள் யோசிப்பார்கள். கண்ணாடி என்பது காடி எடுக்கிற அன்றைக்கு வந்து நிற்கிற கேள்வி. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் ஆசாரி.

ஷோரூம்: கணக்குப் பார்த்தால்

மாதம் 12,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் என்று கேட்டால் 1,20,000 அங்கேயே போயிற்று. மீதி எண்பதாயிரத்தில் விளக்கு, தரை, போர்டு, நாலைந்து மாதிரிக் கதவு. அதற்குப் பிறகு வாடகை, மின்சாரம், கடையில் உட்கார ஒரு பெண்ணுக்குச் சம்பளம் எல்லாம் சேர்ந்து மாதம் 25,000 ஆகும். ஒரு பூஜை அறைக் கதவு வேலை 10,000 ரூபாய், அதில் ஆசாரிக்குப் பத்து சதவீதம் கமிஷன் 1,000 என்றால், ஷோரூமின் ஒரு மாதச் செலவு 25 கதவுக்குக் கொடுக்கிற கமிஷனுக்குச் சமம். இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு மாதம் 25 கதவு செய்து பொருத்தவே முடியாது. அதோடு, கமிஷன் வேலை வந்தால்தான் கொடுக்கவேண்டும். வாடகை வேலை வராத மாதமும் கொடுக்கவேண்டும்.

ஷோரூமுக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. எட்சிங் கண்ணாடி படத்தில் ஒரு மாதிரி, நேரில் ஒரு மாதிரி. பின்னால் விளக்கு எரியும்போது விழுகிற நிழல், ஆழமாகக் குடைந்த தாமரை இதழின் விளிம்பு, கை வைத்தால் ஃப்ராஸ்டட் (மங்கலாக்கிய) பரப்பில் படிகிற எண்ணெய்க் கறை, இதெல்லாம் நேரில் பார்த்துத்தான் தெரியும். பெரிய வேலை கொடுக்கிறவர் ஒரு தடவையாவது நேரில் பார்க்க ஆசைப்படுவார். ஆனால் அதற்குப் பட்டறையின் முன்பக்கத்தில் பத்துக்குப் பத்து இடத்தைத் தடுத்து, சுவரைக் கருநீலமாக அடித்து, விளக்கோடு ஆறு மாதிரி நிறுத்தினால் போதும். மணல் தூசி அந்தப் பக்கம் வராமல் தடுப்பு அவசியம். அப்படியே சாதாரண மணலை விட்டு அலுமினியம் ஆக்சைடுக்கு மாறிவிடவும் சொன்னேன். சிலிக்காத் தூசி பையன்களின் நுரையீரலைத் தின்றுவிடும். இது விளம்பரத்தில் சேராது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஷோரூமுக்குப் பதிலாக இன்னொரு வழியை நான் சொல்வேன். ஊருக்கு ஒன்றாக நாலைந்து பிளைவுட் கடைகளில், மரச்சட்டம் போட்ட ஒரு மாதிரிக் கதவை விளக்கோடு நிறுத்திவைப்பது. வீடு கட்டுகிற குடும்பம் லேமினேட் பார்க்கவும் கைப்பிடி பார்க்கவும் அங்கே எப்படியும் வரும், கூடவே ஆசாரியும் வருவார். கடைக்காரருக்கு இடத்தை அடைப்பது பிடிக்காது. அதனால் அகலம் மூன்றடிக்கு மேல் போகாமல், பின்பக்கம் அவருடைய லேமினேட் மாதிரிகளை மாட்டிக்கொள்ள வசதி செய்துகொடுத்தால் மனம் இறங்குவார். ஒரு எச்சரிக்கை: கடையிலேயே கண்ணாடி வெட்டித் தருகிறவரிடம் இதை வைக்கவேண்டாம். டிசைனைப் படம் பிடித்து வேறு பட்டறைக்கு அனுப்ப அவருக்கு ஒரு நிமிஷம் போதும்.

ஆசாரி வழி: நல்லதும் கெட்டதும்

ஆசாரிக்குக் கமிஷன் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. "என் வேலைக்கு நான் விலை வைக்கிறேன், அவருக்கு எதற்கு?" என்பார்கள். நடுவில் நிற்கிற ஆளுக்குக் கொடுக்காத வியாபாரம் டெல்டாவில் எது இருக்கிறது? தேங்காய்க்கு உண்டு, மாட்டுக்கு உண்டு, நிலத்துக்கு உண்டு. கொடுப்பதில் தப்பில்லை. கொடுக்கிற முறையில்தான் கெட்டுப்போகிறது. ஒருவருக்குப் பத்து, ஒருவருக்குப் பதினைந்து என்று கொடுத்தால், சாயங்காலம் டீக்கடையில் அது வெளியே வரும். அன்றோடு பத்துக்காரர் போய்விடுவார். கமிஷனை விலையில் ஏற்றி வைத்தால் வீட்டுக்காரர் வேறு இடத்தில் விசாரித்துக் கண்டுபிடிப்பார், ஆசாரிக்கும் சேர்த்துக் கெட்ட பெயர்.

அதனால் நான் சொல்கிற முறை இது. சதுர அடிக்கு அச்சடித்த ஒரே விலை, நேரே வந்தாலும் ஆசாரி வழியாக வந்தாலும் மாறாது. கமிஷன் எல்லோருக்கும் ஒரே சதவீதம். பொருத்திய அன்றைக்கே ஜீபேயில் போய்விடும், "அடுத்த வாரம் பார்க்கலாம்" கிடையாது. வீட்டுக்காரர் நேரே வந்து, பேச்சுவாக்கில் இன்ன ஆசாரி சொன்னார் என்றால், அந்த ஆசாரி கேட்காமலே அவருக்கும் போகும். கடைசியாகச் சொன்னதை ஒரு தடவை செய்துபாருங்கள். அவர் ஊரெல்லாம் சொல்வார்.

பணத்தைவிட ஆசாரிக்குப் பெரிது அளவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் உப்பும். காடிக்குள் கண்ணாடி இறுகினால் விளிம்பில் தெறிக்கும். நாலு பக்கமும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டித் தருகிற பட்டறையை ஆசாரி விடமாட்டார். டஃபன்டு கண்ணாடி என்றால் இன்னும் ஜாக்கிரதை. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்த கண்ணாடி அது, பிறகு வெட்டவோ ஓரம் தேய்க்கவோ முடியாது. முயன்றால் முழுதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அளவு தப்பினால் புதிதாக வெளியூரில் கொடுத்து வாங்கவேண்டும், வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத் தேதியைக் காட்டித் திட்டுவது ஆசாரியைத்தான். ஆகவே பட்டறையிலிருந்து ஒருவர் போய்த் தானே அளவெடுத்து, ஆசாரியிடம் கையெழுத்து வாங்கிவருவது எந்த விளம்பரத்தையும்விட மேல்.

விளம்பரச் செலவென்று பார்த்தால், ஆசாரி கையில் கொடுக்க ஒரு மாதிரிப் பெட்டி. ஆறு அங்குலச் சதுரத்தில் 5 மி.மீ. துண்டுகள் ஆறு: சாதா ஃப்ராஸ்டட், நிழல் விழுகிற ஷேடிங், ஆழக் குடைந்தது, வண்ணம் ஏற்றியது, பின்புறம் பெயின்ட் அடித்த லேக்கர், வரிவரியாக வரும் ஃப்ளூட்டட். ஒரு துண்டு 300 கிராமுக்கும் குறைவு. ஆறும் பெட்டியும் சேர்த்து இரண்டு கிலோ. டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் முன்னால் உளிப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். ஓரத்தைத் தேய்த்துக் கொடுங்கள், கை கிழிந்தால் பெட்டி பரண் ஏறிவிடும். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் விலையும் பட்டறை எண்ணும் ஒட்டியிருக்கட்டும். வெட்டில் மிஞ்சுகிற கண்ணாடியிலேயே செய்துகொள்ளலாம் என்பதால் பெட்டி ஒன்றுக்கு 1,500 ரூபாய்க்குள் அடங்கும். நாற்பது பெட்டி, அறுபதாயிரம்.

இந்த வழியில் ஓட்டையே இல்லை என்று சொல்லமாட்டேன். ரெடிமேட் கதவு பெருகிக்கொண்டே போகிறது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்கிற டபிள்யுபிசி கதவு வாங்கினால் ஆசாரிக்குப் பொருத்துகிற வேலை மட்டும்தான், டிசைன் பேச்சே வராது. மெஷினில் படம் அச்சடித்த யுவி பிரிண்ட் கண்ணாடி பெரிய ஊர்களிலிருந்து வருகிறது. ஃப்ராஸ்ட் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு எட்சிங் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சின்ன யோசனை: ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் ஓரம் எழும்பும், எட்சிங்கில் எழும்பாது. மாதிரிப் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டிய துண்டு ஒன்றையும் ஏழாவதாகப் போட்டுக் கொடுத்தால், ஆசாரியே வீட்டு அம்மாளிடம் சுரண்டிக் காட்டிவிடுவார்.

இன்ஜினியர்கள், வீடு கட்டித் தருகிற கான்ட்ராக்டர்கள் வேறு ரகம். ஒரே சமயத்தில் பத்து வீட்டு வேலை கொடுப்பார்கள், பணம் மூன்று நாலு மாதம் இழுக்கும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். அது இருந்தால் எழுத்து ஒப்பந்தம் உள்ள பாக்கியை 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, கொடுக்கிற வரையில் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் வந்திருக்கிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் அடுத்த வேலை வராது என்பது நிஜம். ஆனால் அவருடைய ஆடிட்டரே மார்ச் மாதம் "கண்ணாடிக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்ல இந்தப் பதிவு உதவும். சின்ன முதலில் இயங்குகிறவன் இந்த வழியை ஊறுகாய் அளவுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கைப்பேசி எதற்கு

கூகுள் மேப்பில் கடையைப் பதிவது, வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக், இரண்டுக்கும் காசு கிடையாது. இரண்டையும் இந்த வாரமே செய்துவிடலாம். ஆசாரி பேர் சொன்னதும் வீட்டுக்காரர், அதிலும் வெளிநாட்டில் இருப்பவர், முதலில் செய்கிற காரியம் பேரைத் தேடிப் பார்ப்பதுதான். ராஜகிரி, பண்டாரவாடை, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கமெல்லாம் வீட்டின் பணம் துபாயிலோ மலேசியாவிலோ இருக்கும், வேலை இங்கே நடக்கும். அங்கிருந்து தேடுகிறவருக்கு நாற்பது படமும் இருபது உண்மையான விமர்சனமும் கண்ணில் பட்டால் பாதி பேரம் முடிந்த மாதிரி. ஒவ்வொரு வேலையும் பொருத்தி முடித்ததும் அங்கேயே நின்று, "அக்கா, கூகுள்ல ரெண்டு வரி எழுதிடுங்க" என்று கேட்டு வாங்கவேண்டும். வீட்டுக்கு வந்து லிங்க் அனுப்பினால் எழுதமாட்டார்கள்.

கண்ணாடியைப் படம் எடுப்பது தனிக் கலை. நேரே நின்று எடுத்தால் எடுக்கிறவரின் லுங்கியும் எதிர்ச் சுவரில் சாய்ந்திருக்கிற சைக்கிளும்தான் விழும். பின்னால் கறுப்புத் துணி, வெளிச்சம் பக்கவாட்டில், கைப்பேசி கொஞ்சம் சரிவாக. வெள்ளைச் சுவர் முன்னால் ஃப்ராஸ்டட் வேலை கண்ணுக்கே தெரியாது. பொருத்திய வீட்டில் எடுத்தால் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு எடுக்கவேண்டும்.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸைப் பற்றி அவன் மனைவி நம்புகிற அளவுக்கு நான் நம்பவில்லை. கண்ணாடியில் மணல் அடித்து, ஸ்டிக்கரை உரிக்கிற வீடியோ பார்க்க அழகு, லட்சம் பேர் பார்க்கக்கூடும். அந்த லட்சத்தில் 40 கிலோமீட்டருக்குள், இந்த மூன்று மாதத்துக்குள், கதவு போடப்போகிறவர் எத்தனை பேர்? பணம் கொடுத்து விளம்பரம் செய்தால் கும்பகோணத்தைச் சுற்றி வட்டம் போட்டு, அந்த எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லலாம். செய்வதானால் அப்படித்தான் செய்யவேண்டும், அதையும் வருஷம் முழுக்க அல்ல. எப்போது என்பதைக் கீழே சொல்கிறேன்.

வரைந்த கண்ணாடி: இங்கே கணக்கு மாறும்

கண்ணாடியின் பின்புறம் வரைகிற படம் தஞ்சாவூருக்குப் புதிதல்ல. மராட்டியர் காலத்திலேயே இங்கே வேர் பிடித்த கலை. தாளில் வரைவதற்கு நேர் எதிர்: கண், நகை, புடவைக் கரை முதலில், பின்னணி கடைசியில், இடது வலதாக மாறும். தப்பினால் அழித்துத் திருத்த இடமில்லை. இப்படி வேலைப்பாடுள்ள பொருளை ஆசாரியிடம் கொடுத்துப் பயனில்லை. இதற்குத் தேவை பரிசு வாங்குகிறவரின் கண்.

இதில் ஆன்லைன் தளமும் கண்காட்சியும் ஒப்பிடத் தகுந்தவை. தளத்தில் விற்றால் சந்தை பெரிது. ஆனால் கண்ணாடி உடைந்தால் பார்சல்காரர் கை விரிப்பார், வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார், நடுவில் நிற்பது இவர்கள். தெர்மோகோல், மூலைக் காப்பு, இரட்டை அட்டைப்பெட்டி என்று பேக்கிங் செலவே 600 ரூபாய்ப் படத்தைத் தின்றுவிடும். 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட படத்துக்கு மட்டும்தான் தாங்கும். ஜிஎஸ்டி வேறு. பொருள் விற்கிறவருக்கு வருஷம் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்று இருந்தாலும், ஆன்லைன் தளத்துக்குப் போனால் விதி மாறுகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பதிவில்லாத சிறு வியாபாரிகள் தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் தளங்கள் வழியே விற்க வழி திறந்திருக்கிறார்கள். வெளிமாநிலம் என்றால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு இறங்குவதே மேல்.

இன்னொன்று: இந்தப் படங்களைத் "தஞ்சாவூர் ஓவியம்" என்று போட்டு விற்க ஆசை வரும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பசையால் மேடு கட்டி, கல்லும் தங்க ரேக்கும் பதிக்கிற தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கண்ணாடியில் வரைந்ததை அந்தப் பேரில் விற்பது வம்பை விலைக்கு வாங்குவது. "கண்ணாடி ஓவியம்" என்று நேராகவே சொல்லலாம், அதற்கே மதிப்பு உண்டு.

கண்காட்சிகளில் தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம் மாதிரி இடங்களில் நடக்கிற கைவினைக் கண்காட்சி நல்லது. வருகிறவர்கள் கைவேலையைத் தேடி வருகிறவர்கள். பொருட்காட்சி, ராட்டினம் சுற்றுகிற இடங்கள் வேண்டாம். அங்கே அப்பளம்தான் விற்கும், குழந்தை தட்டிவிட்டு உடைகிற கண்ணாடிக்கு யாரிடம் காசு கேட்பது? அரசின் கைவினைப் பொருள் விற்பனை நிலையமான பூம்புகாருக்கு மாதிரி கொண்டுபோய்க் காட்டலாம். அரண்மனையைச் சுற்றியுள்ள கலைப்பொருள் கடைகளுக்கு மொத்த விலையில் கொடுக்கலாம், லாபம் குறையும், தலைவலியும் குறையும். ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கிற வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு உள்ளங்கை அளவு மாதா படம், நாகூர் கந்தூரிக்கு ஐந்து மினாரா போட்ட சின்னக் கண்ணாடி என்று செய்து அங்கே உள்ள கடைக்காரர்களுக்குக் கொடுப்பது தனக்கே ஸ்டால் எடுப்பதைவிட லாபம். கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-இல். கூட்டத்தை நினைத்து இப்போதே வாய் ஊறுகிறவர்கள் இருக்கிறார்கள். நீராடிவிட்டு ஈரத்துணியோடு ரயிலுக்கு ஓடுகிறவர் கண்ணாடி வாங்கமாட்டார்.

இந்தப் பக்கத்துக்கு இன்ஸ்டாகிராம் பொருந்தும். பேர் போட்ட கல்யாணப் பரிசு, அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பா அம்மா உருவம், இவையெல்லாம் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுக்கிற பொருள். இருபத்தைந்தாயிரம் ஒதுக்கி அவன் மனைவி தன் போக்கில் நடத்தட்டும். கணக்கையும் தனியாக வைத்துக்கொள்ளட்டும். அவன் தலையிடவேண்டாம் என்பதும் என் யோசனைதான்.

மற்றவற்றை ஓரிரு வார்த்தையில் முடித்துவிடலாம். நாளிதழில் செருகுகிற துண்டறிக்கை வடை மடிக்கப் போய்விடும். கேபிள் டிவி பார்க்கிறவர்கள் வீடு கட்டி முடித்தவர்கள். ஃப்ளெக்ஸ் பேனரில் டெல்டாக்காரர் கண் நிற்பது கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும்தான். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் வேலை வந்தால் லாபம் பார்க்காமல் செய்யலாம், ஊரே பார்க்கும். ஆனால் அதைத் தேடி அலையவேண்டாம்.

எப்போது செலவு செய்வது

கிரகப்பிரவேசம் சித்திரை, வைகாசி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை மாதங்களில் நடக்கும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புது வீடு புகமாட்டார்கள். இதைப் பார்த்துவிட்டு ஆடி மாதம் கண்ணாடித் தொழிலுக்கும் மந்தம் என்று நினைப்பார்கள். உண்மையில் ஆவணி முகூர்த்தத்துக்குப் போகிற வீட்டில் கதவு வேலை ஆடியில்தான் நடக்கும், தை வீட்டுக்கு மார்கழியில். காடி எடுக்கிற நாளைப் பார்த்தால், ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்குக் கூவுகிற அந்த மாதம்தான் பட்டறைக்கு உச்சம். சம்பா அறுவடை முடிந்து, நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறுகிற தை, மாசியில் இன்னொரு அலை வரும். கையில் பணம் இல்லாமல் பூச்சோடு நின்ற வீடுகள் அப்போது கதவு போடும்.

ஆகவே நாற்பது பெட்டியும் ஆனி முடிவதற்குள் ஆசாரிகள் கையில் சேர்ந்துவிடவேண்டும். வட்டம் போட்ட கைப்பேசி விளம்பரம் ஆனி கடைசி வாரத்திலிருந்து ஆடி பதினெட்டு வரை ஒரு முறை, கார்த்திகை கடைசியிலிருந்து மார்கழி பாதி வரை ஒரு முறை, மாசியில் பத்து நாள். இதற்கு இருபத்தைந்தாயிரம் போதும். பெட்டிக்கு அறுபது, பட்டறை முகப்புக்கும் பிளைவுட் கடை மாதிரிக் கதவுகளுக்கும் ஐம்பது, பரிசுப் பக்கத்துக்கு இருபத்தைந்து. மீதி நாற்பதாயிரத்தைத் தொடவேண்டாம். கமிஷனை அன்றன்றைக்கே கொடுக்கவும், அளவு தப்பிய கண்ணாடியை வாய் பேசாமல் மாற்றித் தரவும் அது கையில் இருக்கவேண்டும்.

ஆர்டர் நோட்டில் ஒரு கட்டம் கூடப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்: யார் சொல்லி வந்தார்கள் என்று. ஆசாரி பேர், பிளைவுட் கடை பேர், கூகுள், சும்மா வழியில் பார்த்தது, எதுவானாலும் எழுதவேண்டும். அடுத்த தை முடிந்ததும் அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பார்த்து, வழியில் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் ஷோரூமுக்கு நானே அட்வான்ஸ் பேசித் தருகிறேன்.